ஒன்பதாவது முகம்

சமையலறைச் சுவரில் ஒன்றுமே தெரியக் கூடாது என்றார்.
வெள்ளை ஓடு, அதன்மேல் வெளிச்சம், அவ்வளவுதான்.
கெலுகோரில் பதினோராம் மாடி.
ஜன்னலில் பாலம், பாலத்தில் லாரிகள்,
எறும்பு சுமந்து போகும் சீனி போல.
அதைப் பார்க்க வருகிறவர்கள்
பிளக் பாயிண்டைப் பார்ப்பானேன்?

சரி என்றேன். எனக்கும் ஆசைதான்.

வயர்மேன் தவனேசன் பென்சிலைக் காதில் செருகி எண்ணினான்:
ரைஸ் குக்கர், மிக்சி, கெட்டில்,
ஃபிரிட்ஜ், ஓவன், தண்ணீர் வடிகட்டி,
போனுக்கு ஒன்று, சும்மா ஒன்று.
எட்டு.
"சிங்க் பக்கம் ஒண்ணு கிடக்கே அக்கா,
அதையும் சேத்தா ஒம்போது."

எட்டுக்கும் ஒளிய இடம் கிடைத்தது.
இரண்டு, மேல் அலமாரியின் அடிவயிற்றில், குப்புற.
ஒன்று மேசைக்கல்லுக்குள்:
தட்டினால் தலை நீட்டும், தட்டினால் உள்ளே போகும்,
ஆயர் ஈத்தாம் கோயில் குளத்து ஆமை மாதிரி.
மற்றவை கதவுகளுக்குப் பின்னால்.
பொருத்துவதற்கு ஒரு கூலி,
மறைப்பதற்கு ஒன்றரை.

ஒன்பதாவதுதான் கரி பிடித்தது.

நடமாட்டக் கட்டுப்பாட்டு வருஷம்.
பத்து ஃபெரிங்கி ஓட்டல் அவரை வீட்டுக்கு அனுப்பியது.
நான் அன்னாசி டார்ட் சுட்டேன்.
அந்த ஒரே பாயிண்டில் ஒரு நீட்டு வயர்,
அதில் ஓவன், மாவு பிசையும் மிக்சர், பக்கத்தில் கெட்டில்.
இரண்டு மாதம் தாங்கியது.
நாற்பது டப்பா ஆர்டர் இருந்த இரவு
புஸ்ஸென்று கறுப்பு நாக்கை ஒருமுறை நீட்டி
அடங்கிவிட்டது.
மூன்று நாள், வெண்ணெய் வாசத்துக்குள்
பிளாஸ்டிக் தீய்ந்த நாற்றம்.
அவர் அன்று ஒன்றும் பேசவில்லை.
விடியும்வரை டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார்,
நான் டப்பாக்களை எண்ணும்வரை.

இப்போது அதே ஓட்டலில் மேற்பார்வையாளர்.
"அதுமேல ஓடு ஒட்டிடு தம்பி," என்றார்.

கடல் காற்றில் துருவேறிய திருகாணி
முதலில் மறுத்து, பிறகு முனகி, வந்தது.
தவனேசன் அந்த முகத்தை உள்ளங்கையில் வைத்துக் காட்டினான்.
"மூணு கண்ணு பாருங்கக்கா.
மேல நெத்தியில இருக்கே, அதுல கரண்டு இல்ல.
பூமிக்குப் போற வயர்.
ஆனா அது தெறந்தாத்தான் கீழ ரெண்டும் தெறக்கும்."

நெற்றிக்கண் எரிக்கும் என்றுதான்
நான் கேட்டு வளர்ந்தேன்.
இங்கே எரிப்பவை கீழே இருக்கின்றன,
நெற்றியில் காவல்.

"ஓடு ஒட்ட முடியாது சார்.
உள்ள வயர் உசிரோட இருக்கு.
மறைக்கலாம். புதைக்கக் கூடாது.
நாளைக்கு எவனாவது டிரில் போடுவான்."

வயர் முனைகளைக் கட்டி உள்ளே மடித்து
வெற்றுத் தட்டு ஒன்றை முடுக்கினான்.
அத்தனை வெள்ளைக்கு நடுவே
கண் வைக்காத ஒரு சதுரம்.

அவர் அதன்மேல் காலண்டர் மாட்டினார்.
ஹார்ட்வேர் கடை கொடுத்தது,
பந்தய நாளுக்கெல்லாம் குட்டிக் குதிரை போட்டது.
மாதம் கிழிக்கும்போது மட்டும்
காகிதம் அங்கே கொஞ்சம் மேடு தட்டும்.

நேற்று கீழ்வீட்டு நோர்லைலா நாலு சதவீத போனோடு ஓடி வந்தாள்.
சுவர் முழுக்கத் தடவிப் பார்த்துவிட்டு,
"கரண்டே இல்லாத வீடா?" என்று சிரித்தாள்.
நானும் குனிந்து, பல்லி முட்டை தட்டுப்படுமோ என்று பயந்து,
அலமாரியின் அடியில் விரலால் துழாவினேன்.
கிடைப்பதற்குள் அவள் போன் அணைந்துவிட்டது.

பழைய முகத்தைத் தவனேசன்
சிமெண்டுப் பையோடு குப்பையில் போட்டிருந்தான்.
எடுத்து வைத்திருக்கிறேன், கரண்டி இழுப்பறையில்,
அவருக்குத் தெரியாமல் என்றில்லை, சொல்லவில்லை.
டீஸ்பூன் தேடும் சில காலைகளில்
விரல் நுனியில் கரி.